காசாய் நதியில் ஒரு கத்துக்குட்டி

கரக்பூரில் வேலை பார்த்த 38 ஆண்டுகளில் காசாய் நதியை ஆயிரம் தடவையாவது கடந்திருப்பேன். எல்லாம் மேலிருந்துதான். டிராலியில், ரயிலில், பாலத்தின் மேல் நடந்து. கீழே இறங்கிக் கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தது 2018-இல் ஓய்வு பெற்ற பிறகுதான்.

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கும் தெரிந்த ஆறுதான் இது. வரைபடத்தில் கங்சாபதி என்று இருக்கும். புருலியா மேட்டில் பிறந்து, பாங்குரா ஜில்லாவில் முகுட்மணிபூர் அணையைத் தாண்டி, மேதினிப்பூருக்கும் கரக்பூருக்கும் நடுவே ஓடுகிறது. மேதினிப்பூர் அருகே உள்ள பழைய தடுப்பணையை ஊரார் 'அனிகட்' என்கிறார்கள். நம்முடைய 'அணைக்கட்டு'தான்! கொள்ளிடத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர்கள் மூலமாக வந்த சொல். ஆக, இந்த ஆற்றுக்கு எனக்கு முன்பே ஒரு தமிழன் வந்து சேர்ந்துவிட்டான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், "வீட்டில் ஜன்னல் கதவு கோணலா, குழாய் சொட்டுகிறதா என்று தினமும் இன்ஸ்பெக்ஷன் பண்ண வேண்டாம், எங்காவது போய்விட்டு வாருங்கள்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அப்போதுதான் தூண்டில் நினைவு வந்தது. எனக்குக் குரு, என் செக்ஷனில் கேங்மேனாகச் சேர்ந்து மேட்டாக ஓய்வு பெற்றவர். வங்காளி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பணியில் இருந்தபோது அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

கல்கத்தாவிலிருந்து ரீலுடன் ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டு போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாக உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். "இது இருக்கட்டும் சார், முதல்ல மூங்கில்ல கத்துக்குங்க." தன் கையால் சீவிய மூங்கில் கோல், நைலான் நரம்பு, சின்ன முள், மயில் இறகுக் காம்பில் செய்த தக்கை, இரைக்குச் சிவப்பு எறும்பின் முட்டை. தவிர, மீனை ஓரிடத்துக்கு வரவழைக்க வறுத்த கடுகுப் பிண்ணாக்கும் வெந்தயமும் கலந்து உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுவார்கள். அதற்கு அவர்கள் பாஷையில் 'சார்' என்று பெயர். "சார், சார் போடுங்க" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவருக்குக் காரணம் புரியாது.

முதல் பதினொரு நாள் ஒரு மீனும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த இடம் அப்படி. ஆற்று வளைவின் உள்பக்கம், மணல் மேடு, நல்ல மர நிழல். பன்னிரண்டாம் நாள் அவர் கேட்டார்: "சார், நிழல் உங்களுக்கா, மீனுக்கா?"

வெட்கமாகிவிட்டது. வளைவின் வெளிப்பக்கத்தை நீர் அரித்துப் பள்ளமாக்கும், உள்பக்கம் மணலைத் தள்ளும் என்பது டிப்ளமோவில் படித்த பாடம். வெள்ளத்தில் சாதாரண அரிப்பு ஆழம் எவ்வளவோ, கடுமையான வளைவில் அதைப்போல் 1.75 மடங்கு, பாலத் தூணின் மூக்கில் இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டவன்தான் நான். அந்தப் பள்ளத்தில்தான் மீன் இருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை! மீனும் நம்மைப் போலத்தான். வேகமான நீரில் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட அதற்கு ஆசையில்லை. ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே நீர் தேங்கி நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவரும் தீனியை எட்டிப் பிடித்துக்கொள்ளும். (பாலத் தூணின் பின்னால் அப்படிப்பட்ட இடம் அருமையாக இருக்கும். ஆனால் அது ரயில்வே எல்லை. அங்கே உட்கார்ந்தவர்களை விரட்டியவனே நான்தான்.)

அடுத்த பாடம் ஆழம் பார்ப்பது. முள்ளில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். தக்கை மூழ்கினால் ஆழம் அதிகம், தக்கையை மேலே தள்ள வேண்டும். படுத்துக்கொண்டால் கீழே இறக்க வேண்டும். இரை தரைக்கு நாலு விரல் மேலே நிற்கும்வரை இப்படியே. மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் நாங்கள் தூண்களைச் சுற்றிக் கயிற்றில் குண்டு கட்டி ஆழம் அளப்போமே, அதேதான். கயிற்றை அன்று பிடித்தவரும் இவரேதான். நான் நோட்டில் எழுதுவேன்.

அன்று மாலை முதல் மீன், ஒரு டேங்ரா, அதாவது நம்ம ஊர்க் கெளுத்தி. ஆவேசத்தில் கையால் பிடித்தேன். அதன் முதுகிலும் இரு பக்கமும் முள் இருக்கிறது. சுருக்கென்று ஏறியது, கை முழுக்கக் கடுகடுப்பு. கெளுத்தி குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும், விஷம் முறியும். மீனைத் துணி போட்டு, பக்க முள்ளுக்குப் பின்னால் விரல் வரும்படி அடியிலிருந்து பிடிக்க வேண்டும். அந்த ஒரு மீனுக்கு என் மனைவி புளிக்குழம்பு வைத்தாள். கடுகு அரைத்து வைக்காமல் டேங்ராவைக் கெடுத்துவிட்டோம் என்று பக்கத்து வீட்டம்மாவுக்கு இன்றும் வருத்தம்.

2019 பூஜா விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான், எட்டு வயது. அவன் தக்கை கரையிலிருந்து பத்தடி தூரத்தில் எதிலோ மாட்டிக்கொண்டது. கண்ணைக் கசக்கினான். முழங்கால் ஆழம்தானே என்று இறங்கினேன். குரு சற்றுத் தள்ளி இரை பிசைந்துகொண்டிருந்தார். இரண்டடி வைத்தேன், முழங்கால். மூன்றாவது அடியில் தரையே இல்லை.

இயந்திரம் வைத்து மணல் அள்ளிய குழி. வெள்ளம் வந்து மேலே சமமாக்கிவிட்டுப் போயிருந்தது. இயற்கையாக அரித்த பள்ளம் சரிந்து இறங்கும். இது கிணறு போல நேராக இறங்கியது. எந்தச் சூத்திரத்திலும் இது வராது. எனக்கு நீச்சல் அரைகுறை. தண்ணீர் குடித்து மேலே வந்தபோது மூங்கில் முனை ஒன்று மார்பில் இடித்தது, பிடித்துக்கொண்டேன். குரு கரையில் குப்புறப் படுத்து நீட்டியிருந்தார். பேரன் அவர் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கரையேறியதும் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. வங்காளியில் நம்முடைய 'டேய், நீ'க்குச் சமமாக 'துயி' என்று ஒன்று உண்டு. முழுக்க அதில்தான். குச்சியால் குத்திப் பார்க்காமல் காலை வைப்பாயா, பிள்ளை முன்னால் செத்துப் போவாயா என்று. முப்பது வருஷத்தில் அன்றுதான் அவர் வாயில் 'சார்' வரவில்லை. மறுநாள் மறுபடியும் வந்துவிட்டது. நான் அவரை 'தாதா' என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்து. வீட்டில் மட்டும் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தோம். பேரன்தான் போட்டு உடைத்தான்.

மார்கழி, தையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் இருவரும் ஆற்றில்தான் இருப்போம். பிள்ளைகளோடு வர விரும்புகிறவர்கள் வரலாம். தூண்டில் தாதா தருவார். ஆளுக்கொரு நீளமான மூங்கில் கழி மட்டும் கொண்டு வாருங்கள். மேற்கே மழை பெய்து, நீர் கலங்கி, சருகும் நுரையும் மிதந்து வந்தால் அன்று கிடையாது. நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், காபி தயாராக இருக்கும்.