கென்னி திரும்பிப் பார்த்த நொடி

2021 ஆகஸ்ட் 8. ஜப்பானின் இசு சைக்கிள் அரங்கில் ஒலிம்பிக் கெய்ரின் இறுதிப் போட்டி. 250 மீட்டர் தளத்தில் ஆறு சுற்று. முதல் மூன்று சுற்றுக்குச் சிறிய மோட்டார் வண்டி ஒன்று முன்னே போய், வேகத்தைப் படிப்படியாக மணிக்கு 50 கிலோமீட்டருக்கு ஏற்றிவிடும். அது விலகும்வரை யாரும் தாண்டக் கூடாது. விலகிய பிறகும் ஒருவரும் உடனே பாய மாட்டார்கள். முன்னால் போகிறவர் எதிர்காற்றை முழுவதும் மார்பில் வாங்க வேண்டும். ஒட்டிக்கொண்டு பின்னால் வருபவருக்குப் பாடு குறைவு.

வண்டிக்கு அடுத்து பிரிட்டனின் ஜேசன் கென்னி. வயது 33. தனிநபர் ஸ்பிரிண்டில் காலிறுதியோடு வெளியேறியிருந்தார். பலர் கணக்கில் அவர் முடிந்துபோன ஆள். அவருக்குப் பின்னால் இருந்த ஆஸ்திரேலியாவின் கிளேட்சர் கொஞ்சம் பின்தங்க, நடுவே இடைவெளி விழுந்தது. கென்னி தலையைத் திருப்பிப் பார்த்தார். வண்டி விலகியதுதான் தாமதம், மிதித்தார் ஒரு மிதி! இன்னும் மூன்று சுற்று, 750 மீட்டர் பாக்கி. அவ்வளவு தூரம் தனியாகத் தாக்குப்பிடிப்பது நடக்கிற காரியமா? நடந்தது. மலேசியாவின் அஸிசுல்ஹஸ்னி அவாங் 0.763 விநாடி பின்னால் வந்தார். கெய்ரினில் அது பெரிய தூரம்.

அது கென்னியின் ஏழாவது தங்கம். பிரிட்டனில் வேறு எவரும் அத்தனை ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை.

போல்டன் ஊர்க்காரரான அவர் 2008 பெய்ஜிங்கில் குழு ஸ்பிரிண்ட் தங்கம் வென்றபோது வயது 20. தனிநபர் ஸ்பிரிண்டில் சக வீரர் கிரிஸ் ஹோயிடம் தோற்று வெள்ளி. 2012இல் அந்தப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒருவர்தான் என்று விதி வந்தது. நடப்புச் சாம்பியன் ஹோயை விட்டுவிட்டு இந்த இளைஞரைத் தேர்வுக் குழு அனுப்பியது. லண்டன் ரசிகர்களின் கண்முன் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிரான்சின் போஷேயை இறுதியில் வீழ்த்தினார். என்னைக் கேட்டால், அவருடைய மிகக் கடினமான தங்கம் அதுதான்.

2016 ரியோவில் மூன்று தங்கம். அங்கே கெய்ரின் இறுதி இரண்டு முறை நிறுத்தப்பட்டது. கென்னி மோட்டார் வண்டியை முன்கூட்டியே தாண்டினாரா என்று நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அன்றுதான் தன் தங்கத்தை வென்றிருந்த வருங்கால மனைவி லாரா, அரங்கிலேயே தவித்துக்கொண்டிருந்தார். தகுதிநீக்கம் இல்லை, மூன்றாவது தொடக்கத்தில் கென்னி ஜெயித்தார்.

ரியோ முடிந்ததும் யாருக்கும் அறிவிக்காமலே ஓய்வு பெற்றார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அதே அமைதியோடு திரும்பி வந்தார். 2022 பிப்ரவரியில் சைக்கிளை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, பிரிட்டன் ஆண்கள் ஸ்பிரிண்ட் அணிக்குப் பயிற்சியாளரானார். 2024 பாரிஸில் அவருடைய பையன்கள் குழு ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார்கள்.