சுவிட்ச் 2: முன்கூட்டியே விளையாடிப் பார்த்தவர்கள் சொல்வதில் எதை நம்பலாம்?

நின்டெண்டோவின் சுவிட்ச் 2, 2025 ஜூன் 5-ம் தேதி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே ரசிகர்கள் கையில் எடுத்து விளையாடிப் பார்ப்பதற்காக, ஏப்ரல் 4 முதல் நிகழ்ச்சிகளை நடத்தியது அந்த நிறுவனம். நியூயார்க், பாரிஸ், லண்டன், பெர்லின், மெல்போர்ன், டோக்கியோ, சியோல், ஹாங்காங் என மொத்தம் 15 நகரங்கள். இந்திய நகரம் ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் நின்டெண்டோவுக்கு அதிகாரப்பூர்வ கன்சோல் விற்பனையே இல்லாதபோது, டெமோ மட்டும் எப்படி வரும்?

நீங்கள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ரயில் ஏறுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். கையடக்க கன்சோல் என்பதே உங்களைப் போன்றவர்களுக்காகச் செய்தது மாதிரிதான் இருக்கும். இந்நேரம் அரை டஜன் யூடியூப் வீடியோ பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடம் "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?" என்று கேட்டும் இருக்கலாம். அதாவது, யாரோ ஒருவர் கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துச் சொன்னதை நம்பி, நாற்பதாயிரம் ரூபாய் செலவழிக்கப் போகிறீர்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது?

முதல் பார்வையில் தெரிபவை நிஜமாகவே தெரியும். திரை 6.2 அங்குலத்திலிருந்து 7.9 அங்குலமாகியிருக்கிறது. 720பி போய் 1080பி வந்திருக்கிறது, 120 ஹெர்ட்ஸ் வரை ஓடும். பக்கவாட்டு ஜாய்-கான் கன்ட்ரோலர்கள் இப்போது காந்தத்தில் ஒட்டிக்கொள்கின்றன. படுக்கவைத்து நகர்த்தினால் மவுஸ் மாதிரியும் வேலை செய்கின்றன. 'மரியோ கார்ட் வேர்ல்ட்' கேமில் 24 பேர் ஒரே நேரத்தில் ஓட்டலாம். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். விளையாடியவர் "சூப்பரா இருக்கு" என்றால் தாராளமாக நம்புங்கள்.

ஆனால் டெமோ அரங்கில் கன்சோலைப் பொதுவாக கேபிளோடு மேசையில் கட்டித்தான் வைத்திருப்பார்கள். சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கும். எந்த கேம், எந்தக் கட்டம், எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் நிறுவனமே முடிவு செய்யும். ஜாய்-கான்களோடு சேர்த்து இதன் எடை சுமார் 534 கிராம். பழைய சுவிட்ச் 400 கிராம் அளவுக்குத்தான் இருந்தது. இந்த வித்தியாசத்தை ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். பத்து நிமிடத்தில் சொல்லாது.

பேட்டரியும் அப்படித்தான். 5,220 எம்ஏஎச் பேட்டரி, சுமார் 2 முதல் 6.5 மணி நேரம் தாங்கும் என்பது நின்டெண்டோவே தரும் கணக்கு. நீங்கள் வாங்க நினைப்பது கனமான புது கேம்களை ஆடத்தான் என்றால், பார்க்க வேண்டிய எண் 6.5 அல்ல, 2. நாகர்கோவில் வரை தாங்கிவிடும். திருநெல்வேலிக்குச் சந்தேகம்தான்.

2017-ல் என்ன நடந்தது?

முதல் சுவிட்சையும் அந்த ஆண்டு ஜனவரியில் பத்திரிகையாளர்கள் விளையாடிப் பார்த்தார்கள். மார்ச் 3-ல் விற்பனைக்கு வந்தது. இடது ஜாய்-கானில் இணைப்பு அறுந்து அறுந்து போகிறது என்ற புகார் வெளியான வாரங்களிலேயே கிளம்பியது. சில கன்ட்ரோலர்களின் தயாரிப்பில் இருந்த வேறுபாடுதான் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஸ்டிக்கைத் தொடாமலேயே திரையில் பாத்திரம் தானாக நகரும். இதைத்தான் 'டிரிஃப்ட்' என்கிறார்கள். ஸ்டிக்கின் உள்ளே தொடுபரப்பு தேயத் தேய வருகிற கோளாறு இது, எனவே எந்த டெமோவிலும் தெரிந்திருக்க வழியே இல்லை. 2019-ல் அமெரிக்காவில் வழக்கு, 2020-ல் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவாவின் மன்னிப்பு, 2023-ல் ஐரோப்பாவில் வாரண்டி முடிந்தாலும் இலவச ரிப்பேர் என்று அது இழுத்துக்கொண்டே போனது. அந்த இலவச ரிப்பேர் ஐரோப்பியர்களுக்கு. இங்கே டிரிஃப்ட் வந்தவர்கள் பக்கத்துத் தெரு மொபைல் கடையைத்தான் தேட வேண்டியிருந்தது.

இந்த முறை? ஜாய்-கானைப் புதிதாக வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறது நின்டெண்டோ. ஆனால் தேய்மானம் குறைவான, காந்தத்தில் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் இதில் இல்லை என்று அதன் அதிகாரி ஒருவரே 2025 ஏப்ரலில் உறுதிசெய்துவிட்டார். டிரிஃப்ட் வருமா வராதா என்பது குறைந்தது ஒரு வருடம் ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2019-ல் பழைய சுவிட்சின் உள்பாகங்களை மாற்றி, பேட்டரி நேரத்தை 2.5 - 6.5 மணியிலிருந்து 4.5 - 9 மணியாக உயர்த்தினார்கள். அதே 'செல்டா' கேம் 3 மணி நேரத்துக்குப் பதில் ஐந்தரை மணி நேரம் ஓடியது. விலை? அதே 299.99 டாலர்தான். முதல் நாளே வாங்கியவர்கள் அதே காசுக்குப் பாதி பேட்டரியோடு நின்றார்கள்.

சரி, வாங்கியே தீருவேன் என்றால்?

முதலில், எந்த மாடல் என்று பாருங்கள். 2025-ல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு ஒரு மாடல் வந்தது. நம் காசுக்கு 30,000 ரூபாய்க்கும் குறைவு. ஆசைப்பட்டுவிடாதீர்கள். அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் கணக்கு மட்டும்தான் இணையும். எல்லா மொழிகளும் உள்ள மாடலுக்கு அப்போது அங்கே 69,980 யென், ஏறக்குறைய 41,000 ரூபாய். அமெரிக்காவில் அப்போது 449.99 டாலர், வரி சேர்க்காமல் சுமார் 38,500 ரூபாயாக இருந்தது.

அடுத்து கஸ்டம்ஸ். 2025-ல் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் திரும்பும் இந்தியர் தன் லக்கேஜில் 50,000 ரூபாய் வரையிலான பொருட்களுக்கு வரி கட்ட வேண்டாம் என்று இருந்தது. நேபாளம், பூட்டான், மியான்மரிலிருந்து வந்தால் மட்டும் வரம்பு குறைவாக இருந்தது. 50,000-க்கு மேல் போகும் தொகைக்கு மட்டும் அப்போது 38.5 சதவீதம் வரி இருந்தது. கன்சோல் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அன்றைய விலையில் மரியோ கார்ட் சேர்ந்த 499.99 டாலர் தொகுப்பு, கூடவே 84.99 டாலர் புரோ கன்ட்ரோலர் என்று கூட்டிப் பாருங்கள். டாலர் 85.50 ரூபாய் என்ற கணக்கில் சரியாக 50,000-ஐத் தொட்டுவிடும். 54.99 டாலர் கேமராவும் வேண்டும் என்றால், கூடுதலாகப் போகும் 4,700 ரூபாய்க்கு அப்போது வரி 1,800 ரூபாய் சொச்சம் ஆகியிருக்கும். உங்கள் நண்பர் தனக்கு வாங்கி வரும் வாட்சும் பெர்ஃப்யூமும் இதே வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். உடன் வருகிறவரின் வரம்போடு சேர்த்துக் கணக்குக் காட்டவும் முடியாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவர் மாட்டிக்கொண்டு நிற்பதைவிட, இதை முன்கூட்டியே பேசிவிடுவது நட்புக்கு நல்லது.

இங்கேயே கடையில் பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும் என்றால் வேறு கன்சோல்கள் இருக்கின்றன. அசூஸின் 'ஆர்ஓஜி ஆலை' 2023 ஜூலையில் 69,990 ரூபாய்க்கு அதிகாரப்பூர்வமாகவே வந்தது. அதில் விண்டோஸ் ஓடும். மரியோ ஓடாது.

சுவிட்ச் 2-தான் வேண்டும், ஆனால் அவசரம் இல்லை என்றால், ஜூன் 5-க்குப் பிறகு வந்த வீடியோக்களில் மூன்றை மட்டும் தேடுங்கள்: கன்சோலைக் கழற்றிக் காட்டுவது, சார்ஜ் இல்லாமல் பேட்டரி தீரும்வரை ஓட்டுவது, திரையை ஸ்லோ மோஷனில் படம் பிடிப்பது. தீபாவளிக்கு யாராவது ஊருக்கு வருவார்கள் அல்லவா, அவர்களிடம் சொல்லிவிட அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.