ஓராண்டு விருந்தாளிகள்

அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கையில் நமக்கு விநோதமாகத் தோன்றக்கூடிய ஏற்பாடுகள் பல உண்டு. ஆயினும், பட்டப்படிப்பின் நடுவிலேயே, அதுவரை படித்த பாடங்களுக்குரிய கிரெடிட்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, இருக்கும் சர்வகலாசாலையை விட்டு அதைவிடக் கீர்த்தி பெற்ற மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்துவிடும் வழக்கத்தைப் போல் நம்மை யோசிக்க வைப்பது வேறொன்று இல்லை என்றே சொல்லவேண்டும். நம் பக்கத்தில் ஒரு பையன் இரண்டாம் வருஷத்தில் டி.சி. வாங்கினான் என்றால், குடும்பத்தில் ஏதோ கஷ்டம் என்றோ, பையன் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டான் என்றோதான் அக்கம்பக்கத்தார் எண்ணுவார்கள். அங்கேயோ அது ஓர் ஏற்றமாகவும், உறவினரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தக்க ஜயமாகவும் கருதப்படுகிறது.

நல்ல சர்வகலாசாலைக்கு மாறுவது எப்படி என்று பெற்றோர்களுக்கு விளக்கி எழுதவேண்டும் என்பது பத்திராசிரியரின் விருப்பம். எப்படி என்பதை ஒரு வாக்கியத்திலேயே சொல்லிவிடலாம்: முதல் செமஸ்டரில் மிக உயர்ந்த மதிப்பெண்கள், பேராசிரியர்களிடமிருந்து சிபார்சுக் கடிதம் ஒன்றிரண்டு, ஏன் மாற விரும்புகிறாய் என்ற கேள்விக்கு விடையாக ஒரு கட்டுரை, மனுக் கட்டணம். ஆனால் இந்த விஷயத்தை ஆராயப் புகுந்த நாள் முதலாக என் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது, இவ்வாறு மாறிப்போக எண்ணியிருக்கும் வித்தியார்த்தி, போகும் வரையில் இருந்தாகவேண்டிய அந்த முதல் வருஷம் என்ன ஆகிறது என்பதே.

காலக்கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். வகுப்புகள் ஆகஸ்டுக் கடைசியிலோ செப்டம்பர்த் தொடக்கத்திலோ ஆரம்பமாகின்றன. முதல் செமஸ்டரின் மதிப்பெண்கள் டிசம்பர் கடைசியை ஒட்டித்தான் கைக்கு வருகின்றன. பெயர்பெற்ற தனியார் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை, இலையுதிர்காலத்தில் மாறிவர விரும்புவோரின் மனுக்கள் மார்ச்சு மாதத்துக்குள் வந்து சேரவேண்டும் என்கின்றன. எனவே இரண்டாம் வருஷத்திலேயே மாறிவிட நினைக்கும் பையனோ பெண்ணோ, தான் சேர்ந்த இடத்தில் ஆறு மாதம் நிரம்புகிற சமயத்திலேயே, நூலகத்தின் எல்லா மாடிகளையும் இன்னும் ஏறிப் பாராத நிலையிலேயே, இந்த இடம் எனக்குப் போதாது என்று எழுத்து மூலமாகத் தீர்ப்புக் கூறிவிடவேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டரின் மதிப்பெண். அதனாலேயே தேர்வுக் குழுவினரும் பழைய உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களை மறுபடியும் எடுத்துப் புரட்டுகிறார்கள். சென்ற வருஷம் எவற்றைக் கண்டு இடமில்லை என்றார்களோ, அவற்றிலே பெரும்பகுதிதான் இந்த வருஷமும் அவர்கள் எதிரில் கிடக்கிறது.

இதைவிடச் சங்கடமானது சிபார்சுக் கடிதம். அது பள்ளிக்கூட ஆசிரியரிடமிருந்து வந்தால் போதாது. இப்பொழுது பாடம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிப் பேராசிரியரே எழுதித் தரவேண்டும் என்று பல இடங்களில் நிபந்தனை. முதலாண்டு வகுப்புகளிலோ நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பார்கள். பேராசிரியர் ஒரு மாணவனின் முகத்தை அறிவதே அவன் அவருடைய ஆலோசனை நேரத்தில் தேடிச் சென்று கதவைத் தட்டினால்தான். இவ்வாறு தேடிச் சென்று, சந்தேகங்கள் கேட்டு, அவருடைய அன்பைச் சம்பாதித்து, அந்த அன்பு கனிகிற தருணத்திலே, தங்கள் கல்லூரியை விட்டுப் போவதற்குத் தாங்களே ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று அவனால் எப்படிக் கேட்க முடிகிறது? கேட்கிறார்கள், பேராசிரியர்களும் பெருந்தன்மையோடு எழுதித் தருகிறார்கள். அதோடும் முடிவதில்லை. செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போதே, இன்ன பாடத்தில் இப்பொழுது இன்ன நிலையில் இருக்கிறான் என்று ஒவ்வொரு ஆசிரியரும் குறித்துத் தரவேண்டிய இடைக்கால அறிக்கை ஒன்று உண்டு. இவன்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கல்லூரி அதிகாரி நிரப்பித் தரவேண்டிய படிவம் மற்றொன்று. இவற்றை எல்லாம் கையில் ஏந்திக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிய பின், போக நினைப்பவனின் ரகசியம் ரகசியமாக இருப்பதற்கில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் அதே முகங்களைத் தினமும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கவும் வேண்டும்.

கட்டுரை விஷயம் எனக்கு இன்னும் அதிகமான வருத்தத்தை அளிக்கிறது. உண்மையான காரணம் பெரும்பாலும் சர்வகலாசாலையின் பெயர்தான். ஆனால் பெயருக்காக வருகிறேன் என்று எழுதாதே, இருக்கும் கல்லூரியைக் குறை கூறாதே, அங்கே கிடைக்கவே கிடைக்காத ஒரு பாடமோ ஆராய்ச்சிச் சாலையோ இங்கே இருப்பதைக் கண்டுபிடித்து அதன் மீது தீராத தாகம் கொண்டவன் போல எழுது என்று, கட்டணம் வாங்கிக்கொண்டு யோசனை சொல்பவர்கள் கற்பிக்கிறார்கள். யோசனை கெட்டிக்காரத்தனமானதே. எனினும் பதினெட்டு வயதிலே, மனத்தில் உள்ள காரணத்தை மறைத்துவிட்டுச் சபைக்குப் பொருந்தும் காரணத்தைத் தேடிப் புனையும் வித்தையில் ஒரு குழந்தை தேர்ச்சி பெறுவதை, கல்வியின் பலன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரமாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு பெரிய சர்வகலாசாலை, முதல் வருஷத்தில் இடம் தர இயலாத மனுதாரர்களில் சிலருக்கு, வேறு ஏதாவது ஒரு கல்லூரியில் ஒரு வருஷம் படித்துக் குறிப்பிட்ட மதிப்பெண் தரத்தைக் காப்பாற்றினால் இரண்டாம் வருஷத்தில் எம்மிடம் வரலாம் என்று வாக்குக் கொடுக்கிறது. கேட்பதற்குத் தயாள குணம் போலத் தோன்றுகிற இந்த வாக்கினால், அந்த “வேறு ஏதாவது ஒரு கல்லூரி”யானது, முன்பின் அறியாத யாத்ரீகன் இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் புறப்பட்டுப் போகும் சத்திரத்தின் கதியை அடைந்துவிடுகிறது. அங்கே அவன் எந்தச் சங்கத்திலும் பொறுப்பேற்கமாட்டான். மூன்றாம் வருஷத்தில் பலன் தரும் ஆராய்ச்சி எதிலும் கைவைக்கமாட்டான். அறைத்தோழனோடு சிநேகம் கொண்டாலும், மே மாதம் வரையில் என்று மனத்துக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டே சிநேகம் கொள்வான். பிறகு மாறிப்போன இடத்திலோ, மற்றவர்கள் முதல் வருஷத்திலேயே குழாம் குழாமாகச் சேர்ந்து முடித்திருப்பார்கள். நான்கு வருஷப் படிப்பில் மற்றவர்கள் வாழ்வது நான்கு என்றால் இவன் வாழ்வது மூன்றுதான். அந்த மூன்றிலும் முதலாவது, இடம் பிடித்துக்கொள்வதிலேயே கழிந்துவிடுகிறது.

இத்தனைக்கும், கதவு திறப்பது மாணவனின் தகுதியை மட்டும் பொறுத்ததன்று. விடுதியில் எத்தனை கட்டில்கள் காலியாகின்றன என்பதையும் அது பொறுத்தது. பிரின்ஸ்டன் சர்வகலாசாலை 1990 முதல் மாறிவருவோரைச் சேர்த்துக்கொள்ளாமலே இருந்து, 2018இல்தான் மறுபடியும் கதவைத் திறந்தது. ஹார்வர்டு 2008இல் விடுதி நெருக்கடியை முன்னிட்டு இரண்டு வருஷங்களுக்கு இந்த வழியை மூடிவைத்தது.

இவ்வளவும் சொன்னதனால் மாறுவதே தோஷம் என்று நான் கருதுவதாக யாரும் நினைக்கவேண்டாம். கலிபோர்னியா மாநிலத்தில் இதை ஒரு தர்மமாகவே ஸ்தாபித்திருக்கிறார்கள். அந்த மாநில சர்வகலாசாலையின் தலைவராக இருந்த கிளார்க் கெர் என்பவர் முன்னின்று உருவாக்கிய 1960ஆம் வருஷத்துப் பெருந்திட்டம், உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் மேல்படியில் நிற்கும் எட்டில் ஒரு பங்கினரைப் பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய இடங்களைக் கொண்ட சர்வகலாசாலைக்கும், மூன்றில் ஒரு பங்கினரை ஸ்டேட் கல்லூரிகளுக்கும் உரியவர்கள் என்று வகுத்துவிட்டு, மற்றவர்கள் எல்லோருக்கும் இரண்டு வருஷ ஜூனியர் கல்லூரிகளின் வாசலைத் திறந்து வைத்தது. அங்கே நன்றாகப் படித்தவர்கள் மூன்றாம் வருஷத்தில் மேலே ஏறிவர வழியும் செய்தது. இத்தகைய பொதுக் கல்லூரிகளில் மிகப் பழமையானது 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தோன்றியது. கம்யூனிட்டி கல்லூரி என்று இப்பொழுது வழங்கும் இவை கலிபோர்னியாவில் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எந்தக் கம்யூனிட்டி கல்லூரியில் படிக்கும் எந்தப் பாடம் எந்தச் சர்வகலாசாலையில் எந்தப் பாடத்துக்குச் சமானம் என்று முன்கூட்டியே அச்சடித்தாற்போல் அட்டவணை உண்டு. கலிபோர்னியா சர்வகலாசாலையின் இளநிலைப் பட்டப்படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களில் ஆறு, குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டியவருக்கு இடம் நிச்சயம் என்று உறுதியே தருகின்றன. சான் ஹோசே, கூபர்டினோ பக்கங்களில் குடியேறிய நம்மவர் குடும்பங்களிலும், வீட்டிலிருந்தபடியே டி ஆன்ஸா போன்ற கம்யூனிட்டி கல்லூரியில் குறைந்த செலவில் இரண்டு வருஷம் படித்துப் பிறகு பெர்க்லிக்குப் போவது கௌரவக் குறைவு என்று விஷயம் தெரிந்தவர்கள் நினைப்பதில்லை. இங்கே மாணவன் போவதற்காகவே வந்தவன் என்பது கல்லூரிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவனை நல்லபடியாக அனுப்பிவைப்பதையே அது தன் கடமையாகக் கொண்டிருக்கிறது. நான் கவலைப்படுவது, நான்கு வருஷமும் இருப்பான் என்று நம்பி வரவேற்ற இடத்தில் போவதற்கென்றே வந்து அமர்பவனைப் பற்றித்தான்.

கிரெடிட்டுக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004க்கும் 2009க்கும் இடையில் கல்லூரி மாறியவர்கள், தாங்கள் சம்பாதித்திருந்த கிரெடிட்டுகளில் சராசரியாக 43 சதவிகிதத்தை இழந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஏற்கப்பட்ட பாடங்களுக்கும் பொதுவாகக் கிரெடிட்டுத்தான் கூட வருமே ஒழிய, பாடுபட்டு வாங்கிய மதிப்பெண் புதிய இடத்துச் சராசரியில் சேர்வதில்லை. முதல் கல்லூரி கொடுத்திருந்த உபகாரச் சம்பளம் அங்கேயே நின்றுவிடும்.

பாரக் ஒபாமா லாஸ் ஏஞ்சல்ஸ் ஆக்ஸிடெண்டல் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, 1981இல் கொலம்பியாவுக்கு மாறியவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. அவர்களுக்குப் பெரும் முதலீட்டாளரான வாரன் பஃபெட்டை நினைவூட்டலாம். பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுச் சொந்த மாநிலமான நெப்ராஸ்காவின் சர்வகலாசாலைக்குத் திரும்பி, 1950இல் அங்கேதான் அவர் பட்டம் வாங்கினார். கீழே இறங்கினார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நம் தேசத்திலும் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் வங்கி ஒன்றுக்கு விதிகள் வகுத்துவிட்டதால், ஓரிடத்தில் படித்ததை மற்றோரிடத்தில் கணக்கில் வைக்கும் முறை மெல்ல நுழையத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களுக்கு மட்டும் உரிய விஷயமாக இது நெடுநாள் இராது. முதல் வருஷக் கட்டணத்தைக் கட்டும் நாளிலேயே மறு வருஷத்து மனுவைப் பற்றிப் பிள்ளையின் காதில் போடும் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெரும்பாலான சர்வகலாசாலைகள் மூன்றாம் வருஷத்தில் சேர்வதற்கும் மனுக்களை ஏற்கின்றன. அதற்குள் பள்ளிக்கூட மதிப்பெண்களின் கனம் குறைந்து கல்லூரி மதிப்பெண்களின் கனம் கூடியிருக்கும். கடிதம் எழுதும் பேராசிரியருக்கும் பிள்ளையை மெய்யாகவே தெரிந்திருக்கும். ஆகையால் முதல் மார்ச்சு மாதத்தை எந்த மனுவும் இல்லாமல் கழிய விடுங்கள்.