நிறுத்திய வாகனத்தில் நிலைத்திருக்கும் ஆற்றல்

மும்பை மாட்டுங்காவிலுள்ள இரயில்வே பணிமனை 1915ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பயணிகள் பெட்டிகளைக் காலமுறைப்படி பிரித்துச் செப்பனிடுவது அதன் பணி. இத்தகைய பணிமனைகளில் நெடுங்காலமாக ஒரு நெறி உண்டு. பெட்டியின் உடலைப் பாரந்தூக்கி மேலே எடுக்கும். எடுத்ததும் அது வலுவான தாங்கிகளின் மீது இறக்கி வைக்கப்படும். தூக்குவது வேறு, தாங்குவது வேறு என்பதே அந்நெறியின் உட்பொருள்.

சொந்தக் காரைத் தாமே செப்பனிடுவோருக்கும் இந்நெறி பொருந்தும். அருகிலுள்ள குர்லாவில் தயாரிக்கப்பட்ட பிரீமியர் பத்மினி, 2023ஆம் ஆண்டு வரை மும்பையில் டாக்சியாக ஓடியது. எளிய அமைப்புடையதாதலின் ஓட்டுநர் பலர் சாலையோரத்திலேயே அதனைப் பழுதுபார்த்தனர். அதன் எடை சுமார் 900 கிலோ. ஒரு மூலையை மட்டும் உயர்த்தினாலும் 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமை ஜாக்கியின் சிறிய தலைமீது அமர்கிறது. உயர்ந்த சுமையில் அடங்கியுள்ள ஆற்றல், பிடி தவறிய கணத்தில் வெளிப்படும்.

திருகு ஜாக்கியின் அடிப்பாகம் குறுகியது. வண்டி சிறிது உருண்டாலும் அது சாய்ந்துவிடும். எண்ணெய் ஜாக்கியிலோ, ரப்பர் அடைப்புத் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து சுமை இறங்கும். வண்டியைக் கியரில் நிறுத்தியிருப்பதும் போதாது. எஞ்சினால் சுழலும் சக்கரங்களுள் ஒன்று தரையை விட்டு எழுந்தால், டிபரன்ஷியலின் அமைப்பினால் அது தனியே சுழல, வண்டி நகர இடமுண்டு.

ஆகவே சமமான, கெட்டியான தரையைத் தேர்ந்து கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை இட வேண்டும். மழையில் இளகிய மண்ணாயின் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை தேவை. உயர்த்தியவுடன், தயாரிப்பாளர் குறித்த இடங்களில் இரும்புத் தாங்கிகளை வைத்துச் சுமையை அவற்றின் மீது இறக்க வேண்டும். செங்கல்லும் உட்குழிவான சிமென்ட் கல்லும் திடீரென நொறுங்குவன. அவை தாங்கிகள் ஆகமாட்டா. கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் கிடத்துவது கூடுதல் காப்பு.

உயரத்தில் மட்டுமன்றி வெப்பத்திலும் ஆற்றல் தேங்கியிருக்கும். ரேடியேட்டரில் அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் நீராவியாகிச் சீறும். எஞ்சின் முழுவதும் ஆறும்வரை மூடியைத் தொடலாகாது.

பாட்டரி மின்னேற்றம் பெறுகையில் ஹைட்ரஜன் வெளியாகிறது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும். எனவே அருகில் நெருப்பும் தீப்பொறியும் ஆகா. இணைப்பைக் கழற்றும்போது, வண்டியின் உடலோடு சேர்ந்த முனையை முதலில் விடுவிக்க வேண்டும். பின்னர் ஸ்பானர் உடலில் பட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மானாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இணைவது. மயக்கம் வருமுன் எச்சரிக்கை கிடைக்குமென நம்ப இயலாது.

சுற்றுப்பயணம் செல்லும் களப்பணியாளர், ஜீப்பில் ஜாக்கியோடு முட்டுக்கட்டைகளையும் ஒரு பலகையையும் எடுத்துச் செல்வது நன்று. தாங்கி கிட்டாத இடத்தில் சக்கரத்தை மாற்றலாம். வண்டியின் அடியில் மட்டும் செல்லலாகாது.

ஆசிரியர் இதனை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். ஊசியற்ற சிறிய, பெரிய சிரிஞ்சுகள் இரண்டை நீர் நிரப்பிக் குழாயால் இணைக்க வேண்டும். சிறியதை அழுத்தினால் பெரியதன் மீதுள்ள புத்தகம் உயரும். பின்னர் குழாயின் இணைப்பைச் சற்றே தளர்த்தினால் நீர் கசிந்து புத்தகம் இறங்கும். அதனடியில் இரு மரக்கட்டைகளை முன்னதாகவே நிறுத்திவைத்து மீண்டும் செய்தால், நீர் கசிந்தாலும் புத்தகம் கட்டைகளின் மீது அசையாது நிற்கும்.