பழைய சீக்கோவில் பணம் போடும் முன்…

பழைய பித்தளைச் சாமானாக இருந்தாலும், பழைய தளபாடமாக இருந்தாலும் பொருளை அறிந்தவனுக்கே இலாபம் என்பது வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டிய விடயமல்ல. ஆனால் நமது வர்த்தகச் சகோதரர்கள் சிலர் பழைய யப்பானிய மணிக்கூடுகளில், அதிலும் 1970களின் சீக்கோ ஓட்டோமெட்டிக் குரோனோகிராப்களில், கைமுதலைப் போடுவதைக் காண்கிறேன். இவற்றைப் பல வருடங்களாகச் சேர்த்து வருபவன் என்ற வகையில் சிலவற்றை இங்கு குறிப்பிட விரும்புகிறேன்.

குரோனோகிராப் என்பது நேரம் காட்டுவதோடு, பட்டனை அழுத்தினால் ஓட்டப் பந்தயத்துக்குப் போல செக்கன், நிமிடங்களையும் அளந்து தரும் மணிக்கூடு. நீண்ட காலமாக இவற்றுக்குக் கையாலேயே சாவி கொடுக்க வேண்டியிருந்தது. கையசைவில் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராப்பை யார் முதலில் செய்வது என்று 1969இல் பெரும் போட்டி நடந்தது. சுவிஸ் நாட்டின் செனித் நிறுவனம் ஜனவரியில் அறிவித்தது. ஹோயர், பிரைட்லிங் ஆகியோர் சேர்ந்த கூட்டணி மார்ச்சில் அறிவித்தது. யப்பானின் சீக்கோவோ பெரிய ஆரவாரமில்லாமல் அதே வருடம் மே மாதத்தில் தனது 6139 இலக்க மணிக்கூட்டை உள்நாட்டில் விற்பனைக்கே விட்டுவிட்டது. யார் முதல் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், அறிவித்தவனை விட கடையில் வைத்தவனுக்கே மதிப்புக் கொடுப்பேன். வியாபாரிக்கு அதுதானே கணக்கு!

இந்த 6139இன் உள்வேலை மலிவானதல்ல. பழைய குரோனோகிராப்களில் பல்லும் பல்லும் கோர்ப்பதால் பட்டனை அழுத்தியதும் முள் சற்றுத் துள்ளும். சீக்கோ வாகனத்தின் கிளச் தட்டைப் போல மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் முறையை வைத்தது. ஆகவே முள் துள்ளாமல் புறப்படும். 1970இல் வந்த 6138இல் பன்னிரண்டு மணித்தியாலம் வரை அளக்கும் வசதியும், கையால் சாவி கொடுக்கும் வசதியும் சேர்ந்தன. 6139க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. இதைத் தெரியாமல் "சாவி ஏறுதில்லை, பழுது" என்று விலை குறைத்துக் கேட்பவர்களும் உண்டு!

விலை ஏறக் காரணம் ஒரு விண்வெளி வீரர். அமெரிக்காவின் வில்லியம் போக் தனது சொந்தக் காசில் 71 டொலருக்கு வாங்கிய மஞ்சள் டயல் 6139ஐ 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டு போனார். 84 நாட்கள் அங்கே இருந்தார். விண்வெளிக்குச் சென்ற முதல் ஓட்டோமெட்டிக் குரோனோகிராப் அதுதான் எனச் சொல்லப்படுகிறது. 2008இல் அது ஏலத்தில் 5,975 டொலருக்குப் போனது. அதன் பிறகு மஞ்சள் டயலுக்கு உலகெங்கும் ஆட்கள் அலைகிறார்கள். ஆட்கள் அலையும் இடத்தில் போலிச் சரக்கும் வருவது நீங்கள் அறியாததல்ல.

புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் எனது நண்பர் ஒருவர், ஒன்று 45,000 ரூபா வீதம் ஆறு மஞ்சள் சீக்கோக்களை எடுக்கவிருந்தார். மொத்தம் 2,70,000 ரூபா. பெருநாள் சரக்குக்கு ஒதுக்கியிருந்த பணம் அது. என்னிடம் காட்டினார். ஆறும் ஒரே மாதிரி மின்னின. ஐம்பது வருடமாக ஆறு பேர் கையில் கிடந்த மணிக்கூடுகள் ஒரே மாதிரி மின்னுமா? "நானா, இது வேணாம். பின்பக்கத்தைப் பாருங்க" என்றேன்.

பின்மூடியில் உள்ள தொடர் இலக்கத்தின் முதல் எண் வருடத்தையும், இரண்டாவது மாதத்தையும் காட்டும். ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துக்கள். ஒன்றில் 4 என்று ஆரம்பித்தது, அதாவது 1974. டயலிலோ 'வோட்டர் 70 எம் புரூவ்' என்றிருந்தது. புரூவ் என்ற சொல்லை சீக்கோ ஆரம்ப காலத்திலேயே நிறுத்திவிட்டு ரெசிஸ்ட் என்று மாற்றிவிட்டது. ஆகவே டயல் ஒன்று, உடம்பு வேறொன்று. மற்றவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எழுத்துக்கள் தடித்து, ஓரம் கசிந்திருந்தன. எல்லாம் வெளியில் புதிதாக அச்சிட்ட டயல்கள். அணிவதற்குக் குறையில்லை. ஆனால் சேகரிப்பவன் அந்த விலையில் பாதியும் தரமாட்டான். வாங்கிய விலைக்கு மேல் விற்க வேண்டுமென்றால் உண்மையை மறைத்துத்தான் விற்க வேண்டும். நண்பர் ஆறையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு குவைத்தில் உழைத்து வந்த ஒருவரின் மகனிடமிருந்து ஒன்றே ஒன்று வாங்கினார். கண்ணாடி கீறல், டயல் நிறம் மங்கியது, எல்லாம் அதனதன் சொந்த உறுப்பு. அதற்கு இப்போதே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பொலிஷ் போடாதீர்கள். உடம்பின் கூரான விளிம்புகள் தேய்ந்தால் திரும்ப வராது, விலையும் அதோடு போகும். வாங்கும்போது மேல் பட்டனை அழுத்தி முள்ளை ஒரு சுற்று முழுதாக ஓட விடுங்கள். சின்ன டயலின் நிமிட முள் நகர வேண்டும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் நீள முள் நேரே 12இல் வந்து நிற்க வேண்டும். மஞ்சள் டயல்காரனில் சாவியைத் திருப்பினால் உள்வளையம் சுற்ற வேண்டும். சுற்றாதது மிகச் சாதாரணமாகக் காணும் குறை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். 70 மீற்றர் என்று எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பெயருக்குப் பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் சிட்டிசனின் 8110ஐத் தேடிப் பார்க்கலாம். 1970களில் வந்தது. அதே கிளச் முறை, கையாலும் சாவி கொடுக்கலாம், மணிக்கு 28,800 அடிப்பு. ஒன்று மட்டும், புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. திருத்துநர் பெரும்பாலும் இன்னொரு பழைய மணிக்கூட்டைக் கழற்றித்தான் போடுவார். எனவே வாங்கும் முன்னரே திருத்துக் கூலியையும் கேட்டு, அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.