வாங்கிய பணமும் கொடுத்த வாக்கும்

தேர்தலுக்கு முந்திய இரவில் பணம் வாங்கிய ஏழை, மறுநாள் அதைக் கொடுத்தவருக்கே வாக்களிப்பது ஏன்? அச்சம் ஒரு காரணம். அதனினும் வலியது நன்றியுணர்வு. செஞ்சோற்றுக் கடன் என்னும் நற்பண்பையே முதலாக வைத்து வாக்கு வணிகர் வாணிகம் செய்கின்றனர். விளக்கின்மேல் சத்தியம் வாங்குவோரும் உண்டு.

இம்முடிச்சை அவிழ்க்க முற்பட்டவர் மணிலாப் பேராயர் கர்தினால் ஹைமே சின். 1986 பெப்ரவரி 7-ஆம் நாள் நடந்த பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில், 20 ஆண்டுகள் ஆண்டுவந்த மார்க்கோசை எதிர்த்துத் திருமதி கொராசோன் அக்கினோ நின்றார். தீமை செய்வதாகக் கொடுத்த வாக்கு எவரையும் கட்டுப்படுத்தாது, பணம் பெற்றவரும் மனச்சான்றின்படியே வாக்களிக்கலாம் என்று கர்தினால் இறைமக்களுக்கு விளக்கினார். அறநெறி இயலில் இது பழைய போதனையே. அன்று குடிசைகளுக்குள் அது புதுச் செய்தியாய் நுழைந்தது. நாம்ஃப்ரெல் என்னும் குடிமக்கள் இயக்கத் தொண்டரோடு கன்னியரும் வாக்குப்பெட்டிகளுக்குக் காவல் இருந்தனர். பெப்ரவரி 13-இல் அந்நாட்டு ஆயர் பேரவை, வாக்குகள் பெருமளவில் விலைக்கு வாங்கப்பட்டதையும் எடுத்துக்காட்டித் தேர்தலைக் கண்டித்தது. பன்னிரண்டாம் நாள் மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஆயினும் அங்கு வாக்கு வணிகம் ஒழியவில்லை. கர்தினாலின் அறிவுரை அந்த நெருக்கடி வேளைக்குப் பொருந்தியது. அதுவே வழக்கமாகிவிட்டால் நீட்டிய கை மடங்காது என்பது என் கருத்து.

நம் மாநிலத்திலும் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் இராதாகிருஷ்ணன் நகர், 2019-இல் வேலூர் ஆகிய இடங்களில் பணப் பட்டுவாடாவின் காரணமாகத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்தலாம். ஒவ்வொரு வாசலிலும் வந்து நிற்க இயலாது. எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். ஊர்ப் பெரியவரும் சங்கத் தலைவியும் அப்பணிக்கு மறுத்துவிட்டால் பணப்பை தெருமுனையிலேயே தடுமாறும்.

சொல்லத் தயக்கமானது ஒன்றுண்டு. திருவிழாச் செலவுக்கும் மண்டபக் கூரைக்கும் வேட்பாளரிடம் பெற்றுக்கொண்டு, "எங்கள் ஊர் வாக்கெல்லாம் உங்களுக்கே" என்று உறுதி கூறும் தலைவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். ஏழை விற்பது சில்லறை; இது மொத்த வியாபாரம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவோ, வாக்கைக் கவர யாருக்கு எப்பரிசு தந்தாலும் அதைக் கையூட்டு என்றே கொள்கிறது. அத்தகைய நன்கொடையை வாங்கிய பங்குப் பேரவை, வீடு வீடாகச் சென்று "வாங்காதீர்கள்" என்று எப்படிச் சொல்லும்?

"கூரை இன்னும் ஓராண்டு ஒழுகட்டும்" என்று பேரவைக் கூட்டத்தில் எழுந்து சொல்வது எளிதன்று. ஐப்பசி மழையில் எல்லாரும் அவரையே திரும்பிப் பார்ப்பார்கள்.