செய்தி, பேச்சு, ஊர்: தினசரி உள்ளூர் பாட்காஸ்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

செய்தி வாசிக்கப்படுவது, பேச்சு பேசப்படுவது என்கிற பிரிவினை நமக்கு இயல்பாகத் தோன்றும் அளவுக்கு வானொலி நம் காதுகளைப் பழக்கி வைத்திருக்கிறது. செய்தி வாசிக்கும் குரலுக்கு ஊர் கிடையாது, வட்டார வழக்கு கிடையாது, கோபம் கிடையாது. எந்த ஊரையும் சேராத குரல்தான் எல்லா ஊருக்கும் பொதுவான உண்மையைச் சொல்லமுடியும் என்கிற நம்பிக்கை இதன் பின்னால் இயங்குகிறது. டீக்கடையில் நடப்பது வேறு. ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். இன்னொருவர், 'அதெல்லாம் சும்மாய்யா, நடந்தது வேற' என்று குறுக்கே விழுவார். செய்தியும் அதன் மீதான வழக்காடலும் அங்கே ஒரே மூச்சில் நிகழ்கின்றன.

தினமும் கொஞ்ச நேரம், ஒரே ஒரு ஊரைப்பற்றி மட்டும், ஓரிருவர் உட்கார்ந்து செய்தி சொல்லிப் பேசும் பாட்காஸ்ட் இந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தது எனலாம். அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே எழுந்தது. டென்வர் நகரத்தில் 1859இல் தொடங்கிய 'ராக்கி மவுண்டன் நியூஸ்' நாளிதழ் 2009இல் மூடப்பட்டது. 2021இல் 'சிட்டி காஸ்ட்' என்ற நிறுவனம் சிகாகோவிலும் அதே டென்வரிலும் தினசரி உள்ளூர் பாட்காஸ்டுகளைத் தொடங்கியது. இதற்கு முதல் போட்டது கிரஹாம் ஹோல்டிங்ஸ். 2013இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழை விற்ற அதே குழுமம். பத்திரிகையிலிருந்து வெளியேறிய மூலதனம் ஊர்ப்பேச்சில் புதிய சந்தையைத் தேடியது என்றும் இதை வாசிக்கலாம்.

நம் நாட்டில் சந்தையோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சமுதாய வானொலி நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கும் 2006இல் அனுமதி கிடைத்தது. ஆனால் செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது என்று நிபந்தனை. தனியார் பண்பலைக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 2011ஆம் ஆண்டுப் பண்பலைக் கொள்கை வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகளைச் 'செய்தி அல்ல' என வகைப்படுத்தி அனுமதித்தது. அதாவது, கரண்ட் எப்ப வரும்னு சொல்லலாம். அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் வரலைன்னு கேட்டால் அது செய்தியாகிவிடக்கூடும். எது செய்தி என்று வகைபிரிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அங்கேதான் அதிகாரம் இருக்கிறது.

இந்த வகைபிரிப்பைச் சுற்றிக்கொண்டு போன ஒரு முயற்சி, சுப்ரான்ஷு சௌத்ரியும் மற்றவர்களும் 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா'. வானொலி நிலையம் வேண்டாம், உரிமம் வேண்டாம். சாதாரண செல்போன் போதும். குறிப்பிட்ட எண்ணை அழைத்து 1ஐ அழுத்தினால் தன் சேதியைப் பதியலாம். 2ஐ அழுத்தினால் மற்றவர் சொன்னதைக் கேட்கலாம். பதிவானதை ஒரு குழு கேட்டு, சரிபார்த்து, பிறகு வெளியிடும். கோண்டி மொழியிலும் பேசினார்கள். நூறுநாள் வேலைக்குக் கூலி வரவில்லை, கைப்பம்பு ரிப்பேர் என்று சொல்லி, சம்பந்தப்பட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் அந்த அதிகாரியை அழைத்துக் கேள்வி கேட்டார்கள். கேட்பவரும் செயல்படுபவரும் ஒருவரே ஆகிவிட்டபின் 'நேயர்' என்ற சொல் இங்கே பொருந்துவதில்லை.

ஆனால் 'உள்ளூர்' என்றதும் உருகிப்போக வேண்டியதில்லை. ஊர் என்று நாம் சொல்வது ஊராகவும் சேரியாகவும் பிரிந்துதான் கிடக்கிறது. முன்பு சொன்ன டீக்கடையில் பெண்கள் உட்காருவதில்லை. தனி டம்ளர் வைத்ததும் டீக்கடைதான். அந்தப் பேச்சை அப்படியே மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தால் ஆதிக்க சாதி ஆண்களின் குரலே ஊரின் குரலாகிவிடும். தெலங்கானாவில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு 2008இல் ஒலிபரப்பைத் தொடங்கிய 'சங்கம் ரேடியோ' இங்கே முக்கியமாகிறது. அதை நடத்தியவர்கள் தலித் பெண்கள். விதையும் தானியமும் மருந்தும் பற்றித் தங்கள் வழக்கிலேயே பேசினார்கள். யார் சொன்னால் 'தகவல்', யார் சொன்னால் 'பொம்பளைப் பேச்சு' என்ற பாகுபாட்டை நடைமுறையிலேயே கலைத்துப் போட்டார்கள்.

பாட்காஸ்டுக்கு அலைவரிசை தேவையில்லை, ஆகவே உரிமமும் தேவையில்லை. இது பெரிய திறப்பு, வாஸ்தவம்தான். ஆனால் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையத்தில் 'செய்தியும் நடப்பு விவகாரமும்' வெளியிடுவோரையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. அவற்றில் சில பிரிவுகளுக்கு அதே ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வானொலியில் நாம் பார்த்த அந்த வகைபிரிப்பு வேறு வாசல் வழியாகத் திரும்பி வருவதைக் கவனிக்க வேண்டும்.

எனவே கருவி மலிந்துவிட்டதாலேயே காரியம் முடிந்துவிடாது. தங்கள் ஊரில் இப்படியொன்றைத் தொடங்க நினைக்கும் தோழர்கள், என்ன செல்போன் வாங்குவது என்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லப்பட்டதை யார் சரிபார்ப்பது? காசு யார் தருவது? மணல் லாரிக்காரர் தரும் விளம்பரத்தை வாங்கிக்கொண்டு ஆற்றைப் பற்றிப் பேசமுடியுமா? பேசியவரை மறுநாள் வீடு தேடி மிரட்ட வந்தால் கூட நிற்பது யார்? உள்ளூர்ச் செய்தி சொல்பவருக்குத் தலைநகரத்து நிருபருக்கு இருக்கும் தூரம் இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர்கள் தெருவில்தான் இவரும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.